மெடிக்கல் கார்டும் நமது மனச்சாட்சியும்



சென்ற கூட்டம் கலைந்த பிறகு தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நம்மில் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்று பேசியது சிலருக்கு நினைவிருக்கலாம். பேச்சு முழுவதும் மெடிக்கல் கார்டைப் பற்றியே. ஒருவர் தமக்கு வந்த கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார், சந்தா ஏறிவிட்டது. இன்னொருவர், வேறு கம்பெனியில் அதைவிட அறுபது வெள்ளி குறைவு என்றார். அதற்கும் குறைவாகத் தம் மருமகன் எடுத்துத் தருவான் என்றார் மூன்றாமவர். மீன் சந்தையில் விலை கூறுவதுபோல ஆளுக்கொரு விலை கூறினோம். நானும் கூறினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் ஒன்று மனத்தை உறுத்திற்று. எது மலிவு என்று அத்தனை பேரும் கேட்டோம். அது ஏன் மலிவாயிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைக்காரன் அதைக் கேட்காமல் இருக்கலாகாது. ஒரு மூட்டைப் பருப்பு மற்ற மூட்டையைவிட இருபது வெள்ளி குறைவாக வந்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் மூட்டையின் அடியில் கையை விட்டுப் பார்ப்பது நமது வழக்கம். பருப்புக்குச் செய்கிற பரிசோதனையைப் பிள்ளை குட்டிகளின் உடல்நலத்துக்கு நாம் செய்வதில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் கல்வி. தராசு பிடிப்பவன் என்ற முறையில் மட்டும் சிலவற்றை எழுதத் துணிந்தேன். பிழையிருப்பின் ஆலிம்கள் திருத்துவார்களாக.

காப்புறுதி கூடுமா கூடாதா என்னும் பழைய வழக்கை இங்கே மீண்டும் விசாரிக்கப் போவதில்லை. கம்பெனிகள் அந்நாளில் நடத்திவந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் மார்க்கத்துக்குப் பொருந்தாது என்று நமது நாட்டுத் தேசிய ஃபத்வாக் குழு 1972இல் முடிவு கூறிற்று. 1984இல் தகாஃபுல் சட்டம் வந்தது. மறு ஆண்டே முதல் தகாஃபுல் கம்பெனி வேலையைத் தொடங்கிற்று. அதே 1985இல் ஜித்தாவில் கூடிய உலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், இலாபத்துக்காக நடத்தும் இன்ஷூரன்ஸை விலக்கி, ஒருவருக்கொருவர் உதவும் முறையிலானதை ஏற்கலாம் என்று தீர்மானித்தது. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்பைச் சாட்டலாமா என்று கேட்டவரை, முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருத்திய சம்பவத்தை மதரஸாப் பிள்ளையும் அறியும். ஆகவே கார்டு எடுப்பது தவக்குலுக்கு விரோதம் என்போருக்கு நான் தனியாகப் பதில் சொல்லவில்லை.

என் கேள்வி வேறு. தகாஃபுல் பாரத்தில் நாம் கையொப்பமிடும் பக்கத்தில் 'தபர்ருஃ' என்றொரு சொல் இருக்கும். ஏஜெண்டு அந்தப் பக்கத்தை விரலால் வேகமாகத் தள்ளி, "இங்கே ஒரு சைன், இங்கே ஒரு சைன்" என்று சொல்வதால் நம்மில் பலர் அதைக் கண்டதே இல்லை. தபர்ருஃ என்றால் நன்கொடை. நாம் கட்டும் சந்தாவில் ஒரு பகுதியைக் கம்பெனி தன் கூலியாக எடுத்துக்கொள்ளும். அது நமது வக்கீல், அதற்குக் கூலி உண்டு. மற்றொரு பகுதி எல்லாருடைய பணமும் சேரும் பொது நிதிக்குப் போகும். நம்மில் எவர் நோயுற்றாலும் அந்த நிதியிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் பணம் போகிறது. அதாவது, விலைக்கு ஒரு சரக்கு வாங்கினேன் என்று நாம் நினைக்கும் இடத்தில், முன்பின் தெரியாத சகோதரர்களுக்கு நன்கொடை தருகிறேன் என்று கையொப்பமிட்டிருக்கிறோம்!

இந்த முறைக்கு வேர் எங்கே என்று கேட்டால் எனக்கு அஷ்அரீ கோத்திரத்தார்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு உணவு குறைந்துபோனால், ஒவ்வொருவரிடமும் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொண்டுவந்து கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்களாம். நபியவர்கள் அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்றே பாராட்டியதாக ஹதீஸில் வருகிறது. அந்தத் துணியைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் இரண்டு மரக்கால் கொட்டியிருப்பார். ஒருவர் ஒரு பிடி கொட்டியிருப்பார். "இன்றைக்கு எனக்குப் பசியில்லை, ஆகையால் நான் கொட்டவில்லை, பசிக்கும் நாளில் வந்து சேர்ந்துகொள்கிறேன்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்தத் துணி எத்தனை நாள் விரிந்திருக்கும்?

நிற்க. என் கதைக்கு வருகிறேன்.

குடும்பத்தில் ஐந்து பேருக்கும் சேர்த்து 2011இல் ஒரு தகாஃபுல் கார்டு எடுத்தேன். மாதம் 310 வெள்ளி கட்டிவந்தேன். பிறகு கடிதம் வந்தது, இனி 405 வெள்ளி என்று. 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா இந்த விஷயத்தில் தலையிட்டதை அறிவீர்கள். வைத்தியச் செலவால் வரும் ஏற்றத்தை ஒரேயடியாக வாங்காமல் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பி வாங்க வேண்டும் என்றும், நூற்றுக்கு எண்பது பேருக்கேனும் ஆண்டு ஏற்றம் நூற்றுக்குப் பத்துக்குள் அடங்கும் என்றும் சொன்னது. 60 வயதும் அதற்கு மேலுமாகி, ஆகக் குறைந்த திட்டத்தில் இருப்போருக்கு ஓராண்டு ஏற்றத்தை நிறுத்தி வைத்தது. 2026 இறுதி வரைக்கான இடைக்கால ஏற்பாடு அது. மூச்சு விட இடம் கிடைத்ததே தவிர, பாரம் இறங்கவில்லை.

நம் ஜமாஅத்துப் பிள்ளை ஒருவர் ஏஜெண்டாக இருக்கிறார். கடிதம் வந்த வாரமே கடைக்கு வந்து மூன்று திட்டங்களைக் கல்லாப் பெட்டியின் மேல் விரித்தார். ஒன்றில் மாதம் 268 வெள்ளிதான். ஆண்டுக்குப் பத்து இலட்சம் வெள்ளி வரை கிடைக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்தப் பத்து இலட்சத்தில் மயங்க வேண்டாம் என்று சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக் கிணற்றில் நூறு அடி தண்ணீர் இருந்தென்ன, வாளிக் கயிறு எத்தனை அடி என்றல்லவா பார்க்க வேண்டும்? அறை வாடகைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு, பில்லில் நம் கைப்பங்கு எவ்வளவு, எந்த வயதில் கார்டு முடிகிறது என்பவை உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். கைப்பங்கு என்பது 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் விற்பனைக்கு வைக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா விதித்த வகை. பில்லில் நூற்றுக்கு ஐந்தோ, அல்லது ஒரு நோய்க்கு முதல் 500 வெள்ளியோ நாம் கட்டுவது, அதற்குப் பதிலாகச் சந்தா குறைவது. அதில் தவறொன்றும் காணவில்லை. தன் கைக்காசும் கொஞ்சம் போகும் என்றால் ஆஸ்பத்திரியில் தேவையில்லாமல் படுக்க மாட்டோம்.

ஆனால் இன்னொரு ஷரத்து இருந்தது. புதுக் கார்டுக்கு மாறினால் காத்திருக்கும் காலம் புதிதாகத் தொடங்கும். பொதுவான நோய்களுக்கு 30 நாள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம், கட்டி, கல் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். கார்டு எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்கோ, சாதாரணமாக ஒன்றும் கிடையாது. பழைய கார்டை அவசரப்பட்டு நிறுத்திவிட்டு நடுவில் விழுந்தவர்களை நான் அறிவேன்.

பாரத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. உமக்கோ உம் குடும்பத்தாருக்கோ சர்க்கரை வியாதி உண்டா? எனக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுகிறேன். பழைய கார்டு எடுத்தபோது அது இல்லை.

அந்தப் பிள்ளை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாமா, கிளினிக்கில் காசு கொடுத்துத்தானே மாத்திரை வாங்குகிறீர்கள்? கார்டில் ஒன்றும் பதிவாகியிருக்காது. இல்லை என்று போட்டால் 268. உண்டு என்று போட்டால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது" என்றார். கெட்ட பிள்ளையல்ல. ஐந்து வேளையும் தொழுகிறவர். என் பணத்தை மிச்சப்படுத்தவே சொன்னார். பாரத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். ஒன்பது நாள் அது கல்லாவின் அடியில் கிடந்தது. ஒன்பது நாள் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், உடனே உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

அந்த ஒன்பது நாளில்தான் 'ஏன் மலிவு' என்னும் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. விடை என் கடையிலேயே நின்றுகொண்டிருந்தது. அத்தா காலத்திலிருந்து நம்மிடம் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது 61. இரத்த அழுத்தம், அதனால் சிறுநீரகத்திலும் கோளாறு. அவருக்கும் ஒரு கார்டு எடுக்கலாமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டிருந்தேன். வயதைக் கேட்டார், நோயைக் கேட்டார், மூன்று திட்டங்களையும் மடித்துப் பைக்குள் வைத்தார். பெரியவர் அங்கேயே நின்று வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். "எனக்கெதற்குத் தம்பி கார்டு, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே" என்று அவரே பேச்சை முடித்தார்.

268 வெள்ளி ஏன் 268? அந்தத் துணியில் இந்தப் பெரியவரின் பங்கு இல்லை. அவரைப் போன்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டதால், உள்ளே இருப்பவர்களுக்கு மலிவு. பழைய நிதியில் ஆண்டுதோறும் வயதானவர்களும் நோயாளிகளும் கூடுகிறார்கள். திடகாத்திரமானவர்கள் புதிய, மலிவான நிதிக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சியிருப்பவர்களுக்குச் சந்தா ஏறுகிறது. ஏறியதைப் பார்த்து இன்னும் சிலர் போகிறார்கள். போக முடியாதவர் யார்? நோய் கண்டவர்தாம். நம் கையிலிருந்த கடிதத்தில் ஏறியிருந்த தொகையில் ஒரு பங்கு இப்படி வந்தது.

நோயாளியை வாசலில் நிறுத்தக் கூடாது என்று சட்டமே போட்டால் என்ன என்று தோன்றலாம். ஒரு நாடு அப்படிச் செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் ஒபாமா ஜனாதிபதியாக இருந்தபோது 2010இல் சட்டம் இயற்றி, 2014 முதல் ஒவ்வொரு மாநில மக்களுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸுக்கென்றே ஒரு சந்தையை ஏற்படுத்தினார்கள். சில மாநிலங்கள் தம் சந்தையைத் தாமே நடத்துகின்றன. மற்றவற்றுக்கு மத்திய அரசாங்கம் நடத்துகிறது. திட்டங்களை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று வகுத்திருக்கிறார்கள். (வெள்ளி என்றது நமது காசையல்ல.) வெண்கலத்தில் வைத்தியச் செலவில் சராசரியாக நூற்றுக்கு அறுபதைத் திட்டம் ஏற்கும், அடுத்தடுத்து எழுபது, எண்பது, தொண்ணூறு. ஜனங்கள் அங்கேயும் முதலில் மாதச் சந்தா குறைவான வெண்கலத்தைத்தான் பார்க்கிறார்கள் போலும். வருமானம் குறைந்தவர்களுக்குக் கைச்செலவைக் குறைக்கும் தனி உதவி அங்கே வெள்ளி வகுப்பில் மட்டுமே உண்டு. மலிவைப் பார்த்து வெண்கலம் எடுத்த ஏழைக்கு அது போய்விடும். ஒப்பிடத் தெரியாதவன் மலிவிலேயே நஷ்டப்படுவான் என்பதற்கு இது ஒன்று போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சந்தையில் எந்தக் கம்பெனியும், ஏற்கனவே நோய் இருக்கிறது என்று ஒருவரைத் தள்ளவோ, நோய்க்காகக் கூடுதல் கேட்கவோ கூடாது. வயதானவரிடமும் வாலிபரைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் இதைச் செய்தவுடனே அவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. எப்பொழுது வேண்டுமானாலும் சேரலாம் என்றால், சுகமாயிருப்பவன் நோய் வந்த பிறகே சேருவான். ஆகையால் ஆண்டில் ஒரு குறிப்பிட்ட காலத்தில்தான் சந்தை திறக்கும் என்றும், காப்புறுதி இல்லாதவர் அபராதம் கட்ட வேண்டும் என்றும் வைத்தார்கள். பிறகு 2019 முதல் மத்திய அரசாங்கம் அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கிற்று. காலிபோர்னியா மாநிலம் 2020 முதல் தானே ஓர் அபராதம் ஏற்படுத்தியது. மாஸ்ஸசூஸெட்ஸில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அத்தகைய விதி இருந்தது. இவ்வளவிலிருந்து நான் தெரிந்துகொண்டது: நோயாளியை உள்ளே விட வேண்டுமானால் சுகமாயிருப்பவனையும் உள்ளே நிறுத்தி வைக்க வேண்டும். அங்கே அதற்கு உதவிப் பணத்தையும் அபராதத்தையும் வைத்தார்கள். நம்முடைய தகாஃபுலில் அபராதம் இல்லை. வேறு எது நிறுத்தி வைக்கும்?

இந்தக் கேள்வியை என் மைத்துனரிடம் கேட்டேன். அவருக்கு வயது 34, ஒரு நோயும் இல்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் பழைய கார்டை விட்டுப் புதியதுக்கு மாறிவிட்டார். "மச்சான், நான் என்ன தர்மம் செய்யவா கார்டு எடுத்தேன்? என் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தானே எடுத்தேன்" என்றார். நான் பாரத்தில் தபர்ருஃ என்ற சொல்லைக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார். "அப்படியானால் கம்பெனி எடுக்கிற கூலியையும், ஏஜெண்டு கமிஷனையும், கார்டைக் கண்டதும் பில்லை ஏற்றுகிற ஆஸ்பத்திரியையும் முதலில் கேளுங்கள். எல்லாரும் வியாபாரம் செய்கிற இடத்தில் நான் மட்டும் தர்மம் செய்ய வேண்டுமா?" என்றார்.

இதற்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் முழுதாக முடியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக் கடன், மூன்று சிறு பிள்ளைகள், ஒரு சம்பளம். குறைந்த விலையைத் தேடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. குடும்பத்தின் செலவைச் சுருக்குவது அவர் கடமையுங்கூட. மாதம் எண்பது வெள்ளி அவர் வீட்டில் பால்மாவுக்கு ஆகும். மாறியதற்காக அவரைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். பாரத்திலும் அவர் பொய் எழுதவில்லை. கூலியும் கமிஷனும் எவ்வளவு போகிறது என்று கேட்பதற்கு நமக்குப் பாத்தியதை உண்டு. வக்கீலிடம் கணக்குக் கேட்காத முதலாளி எங்கே இருக்கிறான்? இதை நமது சங்கம் ஒரு கூட்டத்துக்கு அழைத்துக் கேட்டாலும் நல்லதே.

ஆனால் ஆஸ்பத்திரிப் பில்லைப் பற்றி அவர் சொன்னபோது நான் வாய் திறக்காமல் இருந்தேன். காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் என் இளைய மகனுக்குக் காய்ச்சல். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகப்பில் பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கார்டு இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் இரத்தப் பரிசோதனை நன்றாயிருந்தது. வீட்டுக்குப் போகலாம், இருந்தாலும் இருக்கலாம் என்றார் டாக்டர். அறை நன்றாயிருந்தது. பிள்ளைக்குத் தொலைக்காட்சி. அன்று வீட்டில் விருந்தாளிகள் வேறு. "கார்டுதானே கட்டுகிறது, இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்" என்று சொன்னது வேறு யாருமல்ல, நான். நான்காம் நாள் வந்தோம். பில் 4,000 வெள்ளிக்கு மேல். ஒரு காசு கையிலிருந்து போகவில்லை என்று கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

யார் பணம் அது? துணியில் கொட்டியிருந்த மற்றவர்களின் தானியம். பசியில்லாமல் அளந்து எடுத்துக்கொண்டேன். வாங்கும்போது நிறைத்து அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்போரைக் கண்டித்துத் திருமறையில் ஒரு சூராவே, 83ஆவது, இருக்கிறது. அதைப் பிள்ளைப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவன் நான். கடையில் படிக்கல்லைத் துடைத்து வைத்து, முத்திரை வைத்த தராசைத் தவிர வேறு உபயோகிக்காதவன். அந்த சூரா தராசுக்கு மட்டுந்தான் என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பாரம். மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட, விரலில் ஈரம் பட்டது. மழை என்று காரணம் சொன்ன வியாபாரியிடம், நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். வியாபாரிகளுக்குள்ள ஹதீஸ் என்று இதை நாம் அடிக்கடி ஜும்ஆவில் கேட்கிறோம். விற்பவன் மட்டுமா சரக்கை மறைக்க முடியும்? இங்கே என் உடம்புதான் குவியல். சர்க்கரை அடியில் இருக்கிற ஈரம். 'இல்லை' என்று எழுதினால் ஏமாறுவது கம்பெனி என்று நினைக்கிறோம். கம்பெனி தன் கூலியை எடுத்துக்கொண்டு போய்விடும். ஏமாறுகிறவர்கள் நிதியிலுள்ள மற்றவர்கள். 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டத்திலும், கேட்கப்பட்டதற்கு உண்மைக்கு மாறாகச் சொல்லாமல் கவனம் எடுத்துக்கொள்வது சேர்பவரின் கடமை என்று இருக்கிறது. மறைத்தது வெளிப்பட்டால் நோயில் படுத்திருக்கும் நேரத்தில் கார்டு செல்லாது என்று சொல்லக்கூடும்.

பத்தாம் நாள் 'உண்டு' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயார். சர்க்கரையும் அதைச் சார்ந்த நோய்களும் நீங்கலாக. சர்க்கரைக்காரனுக்கு இருதயம், சிறுநீரகம், கண், கால் எல்லாம் அதைச் சார்ந்ததுதானே! ஆகவே பழைய கார்டிலேயே இருந்துவிட்டேன். அறை வாடகையில் ஒரு படி இறங்கி, 405ஐ 372 ஆக்கிக்கொண்டேன். இதில் நான் தியாகம் ஒன்றும் செய்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சர்க்கரை இல்லாதிருந்தால் 268க்கு மாறியிருப்பேனா என்று என் மனைவி கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

பெரியவரின் விஷயம் அப்படியே நிற்கிறது. அவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நாட்டு மக்கள் எல்லாருடைய வரிப்பணமும் சேர்ந்த ஒரு பெரிய துணி அது. வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி, நிபுணர் டாக்டரிடம் ஐந்து வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் நாளைக்கு மூன்று வெள்ளி. வயதென்ன, நோயென்ன என்று கேட்டு அங்கே யாரையும் மடித்து வைப்பதில்லை. ஆனால் காலை ஏழு மணிக்குப் போனால் திரும்பப் பிற்பகல் ஆகிறது. அன்றைய சம்பளம், போக்குவரத்து, கூடப் போக ஓர் ஆள், சில சமயம் வெளியே வாங்க வேண்டிய மருந்து. அவர் நம் கடையில் இருப்பதால் சம்பளம் பிடிக்கப்படுவதில்லை. நாள் கூலிக்கு இருப்பவருக்கு?

நமது பள்ளிவாசலில் மய்யித்துக் கைராத்து நிதி நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டுகிறோம். ஒருவர் மௌத்தானால் கஃபன், குழி, வண்டி எல்லாவற்றையும் நிதி பார்த்துக்கொள்கிறது. அதில் சேர வயது கேட்பதில்லை, நோய் கேட்பதில்லை. வேறு பள்ளிவாசலில் ஐந்து வெள்ளி குறைவு என்று யாரும் மாறிப் போனதாகவும் நான் கேள்விப்படவில்லை. இருபது வயதுப் பிள்ளையும் கட்டுகிறான். மரணம் எல்லாருக்கும் உண்டென்று அங்கே நமக்குத் தெரிந்திருக்கிறது. நோயில் மட்டும் 'எனக்கு வராது' என்ற எண்ணம் இருக்கிறது போலும்.

அந்த நிதியோடு நோயுற்றோருக்கான ஒரு சிறு பகுதியையும் சேர்க்கலாமா என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிப் பில் கட்டும் சக்தி நமக்கில்லை; அந்த ஆசையும் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு வண்டிச் செலவு, அன்றைய கூலியில் ஒரு பாதி, கூடப் போக ஒரு வாலிபர். இவ்வளவே. வீட்டுக்கு மாதம் மூன்று வெள்ளி என்றால் நம் ஜமாஅத்துக்குத் தாங்கும். கணக்கு ஒவ்வொரு மாதமும் பலகையில் போட வேண்டும். வக்கீல் கூலி ஒன்றும் இல்லை. என் மைத்துனரிடம் சொன்னேன். இதற்கு எத்தனை நாள் காத்திருக்கும் காலம் என்று கேட்டார். கேலியா, நிஜமா என்று தெரியவில்லை. ஆனால் மூன்று வெள்ளியை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார்.

பெரியவருக்கு அடுத்த தவணை வரும் வியாழக்கிழமை. மருந்துச் சீட்டையும் பழைய பரிசோதனைக் காகிதங்களையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி மூட்டைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.